முறிவின் நிறம்

செவ்வாய் காலை லெமுவேல் கோர்க்கம்
சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து
என் பட்டறை மேசைமேல் இறக்கினான்.
"தம்பி உடைத்துவிட்டான்."
பிற்பகலில் தம்பி ஹார்ட்லி வந்தான், வெறுங்கையோடு.
"அண்ணன் உடைத்ததைப் பார்த்தாயா?"

படகைக் கரையேற்றும் கைவிஞ்சின் பற்சக்கரம்.
வார்ப்பிரும்பு. பிறந்த கன்றின் எடை.
மூன்று பல் போயிருந்தது.
ஆரம் ஒன்று குறுக்கே முறிந்திருந்தது.
விளிம்பில் புடைத்த எழுத்தில் 1907, லூனன்பர்க்.
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து
கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நிற்கிறது.
அச்சு செதுக்கியவன் அன்றைக்குக் குடித்திருந்தானோ என்னவோ.
இத்தனை வருடம் யாரும் திருத்தவில்லை,
நானும் திருத்தப்போவதில்லை.

வார்த்த இரும்பு வளைந்து கொடுக்காது.
கடைசிவரை நேராக நிற்கும்,
பிறகு இரண்டாகக் கிடக்கும்.
நடுவில் ஒன்றும் கிடையாது.
வார்த்தையும் வார்த்ததுதானே.
கோர்க்கம் வீட்டில் பேச்சு நின்று ஏழு வருடம்.
எதற்கென்று கேட்டால் ஊரில் ஒன்பது பதில் உண்டு,
ஒன்றில் ஓர் அவுட்போர்டு மோட்டார் வரும்,
இன்னொன்றில் அம்மாவின் அடக்கத்தன்று தீர்ந்துபோன பன்றிக்கறி.

கம்பித் தூரிகை போடுமுன்
முறிந்த முகத்தை விளக்கைச் சாய்த்துப் பார்ப்பேன்.
புதிய முறிவு சாம்பல் நிறம்,
உடைத்த கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாய் மின்னும்.
இதில் அந்த மினுக்கம்
என் கட்டைவிரல் நகத்தளவு.
மற்றதெல்லாம் கறுப்பு.
கிரீஸ் குடித்து, துருப்பிடித்து, மறுபடி கிரீஸ் குடித்த கறுப்பு.
இவர்கள் பிறக்குமுன்பே விரிசல் உள்ளே போய்விட்டது.
ஒருவேளை வார்த்த அன்றே,
மணலில் குளிர்ந்த அவசரத்தில்.
இத்தனை படகையும் இழுத்தது
நகத்தளவு இரும்பு.

இருவரையும் தனித்தனியே கூப்பிட்டுக் காட்டினேன்.
"உங்கள் யார் மேலும் தப்பில்லை."
லெமுவேல் தொப்பியைக் கழற்றி அதற்குள் பார்த்தான்.
ஹார்ட்லி, "விளக்கு சரியில்லை" என்றான்.
இவ்வளவு ஏமாந்த முகங்களை
பில்லை நீட்டும்போதுகூட நான் கண்டதில்லை.

பிறகு வேலை.
எண்ணெய் கக்கும்வரை சூளையில் சுட்டேன்,
பட்டறை முழுக்கப் பழைய மீன் வாடை.
விளிம்புவரை நீண்டிருந்த சின்ன விரிசலின் நுனியில்
ஒரு துளை போட்டேன், இனி ஓட இடமில்லாதபடி.
மங்கிய சிவப்பு வரக் கரியில் கிடத்தி
வெண்கலக் கம்பியை உருக்கி ஓடவிட்டேன்.
பற்களை மணிமணியாய் மேடாக்கினேன்.

அடுத்ததுதான் கடினம். சும்மா இருப்பது.
சாம்பல் பீப்பாயில் புதைத்து மூடிவிட்டு வீட்டுக்குப் போனேன்.
அவசரமாய்க் குளிர்ந்தால் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும்,
தரையில் கரண்டி விழுந்ததுபோல.
அதற்குப்பின் செய்ய ஒன்றுமில்லை.
அன்றிரவு என் கணவர் கழுவி வைத்த
ஒவ்வொரு கரண்டிக்கும் திடுக்கிட்டேன்.

காலையில் சாம்பலுக்குள் கை விட்டேன்.
ரொட்டியின் சூடு.
சுத்தியால் தட்டினால் மணி. பிசிறில்லாத மணி.
அட்டையில் வெட்டிய பல்லளவை வைத்து வைத்துப் பார்த்து
இரண்டு நாள் அரம் போட்டேன்.
கறுத்த பல்வரிசையில் மூன்று தங்கப் பல்,
சிரித்தால் கடத்தல்காரன்தான்.

நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில்
நவம்பர் கடைசித் திங்களன்று சிங்கிறால் கூடுகள் கடலில் இறங்கும்.
மூன்று நாள் முன்னால் சக்கரத்தை மாட்டினோம்.
லெமுவேல் கைப்பிடியில், ஹார்ட்லி கயிற்றில்.
"விடு" என்றான் ஒருவன், காற்றைப் பார்த்து.
"விட்டாச்சு" என்றான் மற்றவன், என்னைப் பார்த்து.
படகு சறுக்கி இறங்கியது.
கடகட கடகட என்று போய்
வெண்கலம் வரும் இடத்தில் மட்டும்
தும் தும் தும்.

கூலியை முழுசாகக் கொடுத்தான் லெமுவேல்,
தம்பிக்குக் கடன்பட மாட்டானாம்.
மறுநாள் ஹார்ட்லியிடமிருந்து ஓர் உறை,
அதிலும் முழுத்தொகை, அதே காரணம்.
ஒன்றை நான் திருப்பியாக வேண்டும். யாருக்கு?
உறை இன்னும் இழுப்பறையில் இருக்கிறது,
தேய்க்காமல் வைத்த மூன்று பழைய பல்லுக்கு அடியில்.